பார்மாவின் செப்புக் கொப்பரைகள்: பார்மிஜானோ ரெஜானோ கூடத்தில் ஒரு காலை

முன்பதிவை உறுதிசெய்து வந்த மின்னஞ்சலில் ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: எட்டரை மணிக்குப் பிறகு வருபவர்கள் கொப்பரை வேலையைப் பார்க்க இயலாது. இத்தாலியில் பத்து நாள் சுற்றியபோது கோபுரங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நேரம் குறித்துச் சீட்டு வாங்கியிருந்தேன். அங்கெல்லாம் பிந்திப் போனால் அடுத்த வரிசையில் நிற்கலாம். பாலுக்கு அடுத்த வரிசை கிடையாது. பார்மா நகரிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு சிறிய கூட்டுறவுப் பாலாடைக்கட்டிக் கூடத்தில், தலைக்கு 15 யூரோ கட்டணத்தில், இரண்டு மணி நேரம் நான் பெற்ற அனுபவத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. இத்தாலிய உணவைத் தட்டில் மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்ப விரும்பாத பயணிகள் தங்கள் பயணத்தில் ஒரு காலைப் பொழுதை இதற்காக ஒதுக்க வேண்டும் என்பது என் முடிவு. ஆயினும் எந்தக் கூடத்தை, எந்த நேரத்தில், எதை எதிர்பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த அனுபவம் பெரிதும் மாறிவிடும்.

பார்மிஜானோ ரெஜானோ என்ற பெயரை எல்லா இடத்திலும் தயாரிக்கப்படும் சீஸுக்கும் வைத்துவிட முடியாது. பார்மா, ரெஜோ எமிலியா, மோதெனா ஆகிய மாவட்டங்களிலும், ரேனோ ஆற்றுக்கு இடப்புறமுள்ள போலோஞா பகுதியிலும், போ ஆற்றுக்கு வலப்புறமுள்ள மாந்தோவா பகுதியிலும் கறந்த பாலைக் கொண்டு அங்கேயே செய்தால்தான் அந்தப் பெயர். 1934இல் தொடங்கப்பட்ட உற்பத்தியாளர் கூட்டமைப்பு இந்த விதிகளைக் காத்துவருகிறது. 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர்களின் பட்டியலிலும் இந்தப் பெயர் இடம்பெற்றிருக்கிறது. ‘பார்மசான்’ என்ற சுருக்கப் பெயரும் இந்தப் பாதுகாப்புக்குள் அடங்கும் என்று 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ முந்நூறு கூடங்கள் இதைச் செய்கின்றன. அவற்றுள் பல பார்வையாளர்களை அனுமதிக்கின்றன. கூட்டமைப்பின் இணையதளம் வழியாகவே இடம் பதிவுசெய்துகொள்ளலாம்.

நான் சென்ற கூடம் வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒரு கிடங்கைப் போலவே இருந்தது. அலங்கார வளைவும் இல்லை, பெயர்ப்பலகையில் ஒளியும் இல்லை. வாசலிலேயே காகித அங்கியும் தலைமூடியும் காலுறையும் கொடுத்து அணிந்துகொள்ளச் சொன்னார்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் வந்து சேர்ந்தது வாசனைதான்: சூடேறிய பாலின் வாசனையும் நனைந்த செம்பின் வாசனையும் கலந்து, ஈரக்காற்றாக முகத்தில் படிந்தது. தரையில் பதித்த ஆறு செப்புக் கொப்பரைகள், தலைகீழாக நிறுத்திய மணியைப் போல் அடி நோக்கிக் குறுகிச் செல்பவை, வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,100 லிட்டர் பால் கொள்ளும். ஒரு கொப்பரையிலிருந்து சக்கரம் போன்ற இரண்டு பெரிய சீஸ் வட்டுகள் கிடைக்கும். ஆக, அந்தக் கூடத்தின் ஒரு நாள் உழைப்பு பன்னிரண்டு வட்டுகள். ஒரு வட்டுக்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால் என்ற கணக்கைக் காகிதத்தில் படிப்பது வேறு, அந்தக் கொப்பரையின் விளிம்பில் நின்று ஆழத்தைப் பார்ப்பது வேறு.

முந்தைய நாள் மாலையில் கறந்த பாலை அகலமான தட்டுத் தொட்டிகளில் இரவு முழுவதும் அசையாமல் விடுகிறார்கள். மேலே மிதந்து வரும் ஆடையை எடுத்து வெண்ணெய்க்கு அனுப்பிவிட்டு, அடியில் தங்கிய பாலோடு அன்று காலை கறந்த முழுப் பாலைச் சேர்த்துக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். அதில் உறை விடுகிறார்கள். முதல் நாள் சீஸ் செய்தபோது மிஞ்சிய தெளிநீரை எடுத்துவைத்துப் புளிக்கவிட்டதுதான் அந்த உறை. வழிகாட்டிய இளம்பெண் ‘சியேரோ இன்னெஸ்தோ’ என்று இத்தாலியச் சொல்லைச் சொல்லி, அதை ஆங்கிலத்தில் விளக்கச் சற்றுச் சிரமப்பட்டார். தமிழ் அறிந்தவருக்கு அந்த விளக்கமே தேவையில்லை. அது உறைமோர், அவ்வளவுதான். நேற்றைய கொப்பரையிலிருந்து இன்றைக்கும், இன்றையதிலிருந்து நாளைக்கும் என்று அறுபடாமல் போகும் அந்தத் தொடர்ச்சியை அவர் சொல்லக் கேட்டபோது, இந்தக் கூடம் ஏன் கிறிஸ்துமஸ் நாளிலும் மூடப்படுவதில்லை என்பது விளங்கியது. மாடு தினமும் இரண்டு முறை கறக்கும். உறையும் தினமும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

அதன்பின் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கப்படும், பாலை உறையவைக்கும் ரென்னட் சேர்க்கப்படுகிறது. பத்து நிமிடம் போல் கழிந்ததும் பால் முழுவதும் இறுகித் தயிர்க் கட்டியாகிவிட்டது. கசாரோ எனப்படும் தலைமைக் கலைஞர், ஐம்பது வயதைக் கடந்தவர், ‘ஸ்பீனோ’ என்ற நீண்ட கருவியைக் கையில் எடுத்தார். உருண்டையான கம்பிக்கூண்டை ஒரு கோலின் நுனியில் கட்டியது போன்ற அதைக் கொப்பரைக்குள் விட்டுச் சுழற்றிச் சுழற்றிக் கட்டியை உடைத்தார். துகள்கள் அரிசிமணி அளவுக்குச் சிறுத்ததும் கொப்பரையைச் சூடாக்கத் தொடங்கினார்கள். வெப்பம் 55 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை. சுவரில் வெப்பமானி இருந்தது, எண்களும் ஒளிர்ந்தன. ஆனால் அவர் முழங்கைவரை கையை விட்டு ஒரு பிடித் துகளை அள்ளி, உள்ளங்கையில் அழுத்தி, விரல்களை விரித்து அது எப்படி உதிர்கிறது என்று பார்த்தார். ஆறு கொப்பரைகளுக்கும் ஆறு முறை அப்படிச் செய்தார். மூன்றாவது கொப்பரையில் மட்டும் அருகிலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, அதன் சூடு மற்றவற்றைவிடச் சில நொடிகள் முன்னதாகவே நிறுத்தப்பட்டது. அன்று மூன்றாவது கொப்பரைக்கு வந்த பால் வேறொரு பண்ணையினுடையது என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தச் சில நொடிகளைக் காண்பதற்காகவே நான் அதிகாலையில் எழுந்து வந்தது வீண்போகவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

சூடு நின்றதும் துகள்கள் அடியில் சென்று படிந்து ஒரே திரளாக ஒட்டிக்கொள்ள ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. இந்த இடைவெளியில்தான் இத்தகைய சுற்றுலாக்களின் தரம் தெரியவரும். என்னுடைய குழுவை ஓர் அறையில் உட்காரவைத்துக் காணொளி ஒன்றைப் போட்டுக்காட்டினார்கள். பசும்புல், சூரிய உதயம், மாடுகளின் மணியோசை என்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து அறையில் முந்தைய நாள் வட்டுகளை அச்சு மாற்றிக்கொண்டிருந்த ஒலி காதில் விழுந்துகொண்டிருக்க, அதைப் பார்க்கவிடாமல் திரைமுன் இருத்தியது எனக்கு வருத்தமாக இருந்தது. பதினெட்டுப் பேர் கொண்ட குழு அந்தச் சிறு கூடத்துக்குப் பெரிது. பத்துப் பேராக இருந்திருந்தால் காணொளியே தேவைப்பட்டிருக்காது. பதிவுசெய்யும்போதே குழுவின் அளவை எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்களுக்கு அந்த இளம்பெண் மனமுவந்து பதில் சொன்னார் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். மாடுகளுக்கு ஏன் பதப்படுத்திய ஈரத் தீவனம், அதாவது சைலேஜ், கொடுக்கக்கூடாது என்று ஒருவர் கேட்டார். அந்தத் தீவனத்தின் வழியே பாலில் சேரக்கூடிய நுண்ணுயிர்கள் மாதங்கள் கழித்துச் சீஸுக்குள் வாயுவை உண்டாக்கி அதை உப்பவைத்துவிடும். அவற்றைத் தடுக்க எந்தச் சேர்க்கைப் பொருளும் பார்மிஜானோவில் அனுமதிக்கப்படுவதில்லை. எனவே தீவனத்திலேயே தடுக்கிறார்கள். வடக்கே போ சமவெளியின் பரந்த பகுதியில் செய்யப்படும் கிரானா பதானோ என்ற இதே போன்ற சீஸுக்கு இந்த இரண்டிலும் விதி தளர்வானது, அது ஒன்பது மாதத்திலேயே விற்பனைக்கும் வந்துவிடலாம் என்று சொன்னவர், தன் ஊர்ப் பொருளை உயர்த்துவதற்காக மற்றதைத் தாழ்த்திப் பேசவில்லை. வீட்டில் அன்றாடம் துருவுவதற்குத் தன் பாட்டி அதைத்தான் வாங்குவார் என்றும் சேர்த்துச் சொன்னார்.

திரும்பி வந்தபோது இரண்டு ஆட்கள் நீண்ட மரத்துடுப்பால் கொப்பரையின் அடியிலிருந்து திரளைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அதன் கீழே லினன் துணியைச் செலுத்தி, நான்கு முனைகளையும் குறுக்குக் கம்பியில் கட்டித் தூக்கியதும், தெளிநீர் தாரை தாரையாக வடிய, வெண்மையான ஒரு பெரும் பொதி மேலே வந்தது. கத்தியால் அதை நடுவில் பிளந்தார்கள். ஒரே கொப்பரையில் பிறந்த இந்த இரண்டையும் இத்தாலியர் ‘ஜெமெல்லி’ என்கிறார்கள், இரட்டைப் பிள்ளைகள். தனித்தனித் துணியில் தொங்கவிட்டு, தொட்டிலை ஆட்டுவதுபோல் உருட்டி உருட்டி வடிவம் கொடுத்த அந்த ஐந்து நிமிடமும் குழுவில் யாரும் பேசவில்லை. எஞ்சிய தெளிநீரின் பெரும்பகுதி பன்றிகளுக்குத் தீவனமாகிறது. புகழ்பெற்ற பார்மா ப்ரொஷூத்தோ என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை இறைச்சிக்கும் இந்தச் சீஸுக்கும் உள்ள உறவு அங்கே தொடங்குகிறது.

அச்சுக்குள் போன முதல் நாளிலேயே வட்டுக்கு அதன் அடையாளமும் கிடைத்துவிடுகிறது. பாற்புரதத்தால் ஆன சிறு தகடு ஒன்றை மேலே பதிக்கிறார்கள்; ஒவ்வொரு வட்டுக்கும் தனி எண். பிறகு உட்புறம் புள்ளியெழுத்துகள் புடைத்த பட்டையைச் சுற்றுகிறார்கள். பெயரும், கூடத்தின் எண்ணும், செய்த மாதமும் ஆண்டும் அதன் தோலிலேயே அழுந்திவிடும். அடுத்து ஏறத்தாழ மூன்று வாரம் உப்புக்கரைசலில் மிதக்கும். நடுக்காலத்தில் பெனெடிக்டைன், சிஸ்டெர்சியன் சபைத் துறவிகள் இந்தச் சமவெளியில் சீஸ் செய்யத் தொடங்கியபோது, பார்மாவுக்கு மேற்கேயுள்ள சால்சோமஜோரேயின் உப்பு அவர்களுக்குக் கைகொடுத்தது. நீண்ட காலம் கெடாத, தொலைதூரம் கொண்டுசெல்லத்தக்க ஓர் உணவு அவர்களுக்குத் தேவைப்பட்டது. பெரிய வட்டு, குறைந்த ஈரம், அளவான உப்பு ஆகிய மூன்றும் அந்தத் தேவையிலிருந்து வந்தவை.

முதிர்வறையைப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: கூரைவரை உயர்ந்த மர அடுக்குகள், அவற்றில் ஆயிரக்கணக்கான பொன்னிற வட்டுகள், நடுவே தானாக நகர்ந்து வட்டுகளைத் திருப்பித் துடைக்கும் இயந்திரம். நேரில் பார்க்கும்போதும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. 2012 மே மாதத்தில் இந்த எமிலியா வட்டாரத்தை உலுக்கிய நிலநடுக்கங்களில் இத்தகைய அடுக்குகள் சரிந்து லட்சக்கணக்கான வட்டுகள் சேதமடைந்ததை வழிகாட்டி சொன்னபோது, தலைக்கு மேல் உயர்ந்திருந்த அந்த எடையை எல்லோரும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 கிலோ. இவற்றைப் பிணையாக வைத்துக்கொண்டு உற்பத்தியாளர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் இந்த வட்டாரத்தில் உண்டு. பால் வாங்கிய செலவு இன்று, விற்பனை வரவு இரண்டாண்டு கழித்து என்ற நிலையில் அந்த ஏற்பாடு இல்லாமல் சிறு கூடங்கள் தாக்குப்பிடிப்பது கடினம்.

அந்த அறையில் என்னை நிறுத்திவைத்தது ஒரு சிறு சுத்தியல். பன்னிரண்டு மாதம் நிறைந்ததும் கூட்டமைப்பின் தேர்வாளர் வந்து ஒவ்வொரு வட்டையும் தட்டிப் பார்க்கிறார். அந்த வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்களுக்காகத் தட்டிக்காட்டினார். நல்ல வட்டு எங்கே தட்டினாலும் ஒரே சீரான, அடர்ந்த ஒலியைத் தந்தது. பிறகு வேறொன்றை எடுத்து மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ஒலி உள்வாங்கி மங்கியது. மண்பானை வாங்குகிறவர் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பதைப் போன்றதே இதுவும். ஆனால் பானைக்குள் வெற்றிடம் இருக்க வேண்டும், இதற்குள் இருக்கக்கூடாது. தேறியவற்றின் தோலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் முத்திரை சுடப்படும். சிறு குறை உள்ளவை ‘மெட்ஸானோ’ என்று வகைப்படுத்தப்பட்டு, வாங்குபவர் அறியும்படி தோலைச் சுற்றிக் கோடுகள் கீறப்படும். தேறாதவற்றின் தோலிலிருந்து புள்ளியெழுத்துகளை முழுவதும் சுரண்டி எடுத்துவிடுவார்கள், பெயர் போய்விடும். பெரியவர் ஆங்கிலம் அறியாதவர். ‘செந்தி, செந்தி’, கேளுங்கள் கேளுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவர் கையிலும் சுத்தியலைக் கொடுத்தார். நான் தட்டியபோது எனக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்டன. என் கையைப் பிடித்து இரண்டு விரற்கடை நகர்த்தி மறுபடி தட்டச் சொன்னார், அப்போது கேட்டது.

இவ்வளவு நேர்த்தியான காலையின் முடிவில் வரும் சுவைபார்க்கும் பகுதி இன்னும் கவனத்தோடு நடந்திருக்க வேண்டும். 12, 24, 36 மாத முதிர்ச்சியுடைய மூன்று துண்டுகளைத் தட்டில் வைத்தார்கள். ஆனால் அவை குளிர்பெட்டியிலிருந்து நேரே வந்தவை. குளிர்ந்த பார்மிஜானோ தன் மணத்தில் பாதியை மறைத்துக்கொள்ளும். கடைக்கு வந்த உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கு இடையில் நின்றபடியே சுவைக்க வேண்டியிருந்ததும் ஒரு குறை. நான் என் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் காத்திருந்தேன். 12 மாதத்துண்டில் பாலும் தயிரும் பசும்புல்லும் தெரிந்தன. 24 மாதத்தில் பல்லில் நறநறக்கும் வெண்புள்ளிகள் வந்துவிட்டன. அவை உப்பல்ல, புரதம் சிதையும்போது உருவாகும் டைரோசின் படிகங்கள். உருக்கிய வெண்ணெயும் முற்றிய பழமும் சேர்ந்த சுவை அது, மூன்றிலும் எனக்குப் பிடித்தது. 36 மாதத்துண்டு உலர்ந்து, ஜாதிக்காயை நினைவூட்டும் காரத்தோடு நாவில் நெடுநேரம் நின்றது. விலை கூடக்கூட மேலானது என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் மூன்றையும் உண்டபின் முடிவெடுப்பது நல்லது. சாலடிலும் பழத்தோடும் உண்ண இளையதே பொருத்தம், துருவிப் போட நடுத்தரம், உணவின் முடிவில் தனியே உண்ண முதியது. பாதாம் வடிவக் குட்டைக் கத்தியால் அதை வெட்டாமல் குத்திப் பிளப்பதும் காரணத்தோடுதான்; அப்போதுதான் உள்ளிருக்கும் மணல்மணி போன்ற இழை அழியாமல் வெளிப்படும்.

சைவ உணவு உண்பவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்து செல்ல வேண்டும். இந்தச் சீஸில் கன்றின் ரென்னட் கட்டாயம். தாவர ரென்னட்டால் செய்த பார்மிஜானோ ரெஜானோ என்று ஒன்று விதிப்படி இருக்க முடியாது. கேட்டபோது மறைக்காமல் சொன்னார்கள்; ஆனால் கேட்காதவர்களுக்குச் சுவைத்தட்டை நீட்டும் முன் தாமாகச் சொல்லவில்லை. பால் ஒவ்வாமல் வயிறு கலங்குபவர்களுக்கு மாறாக நல்ல செய்தி உண்டு: நொதித்தலின்போதே பால்சர்க்கரை கரைந்துபோவதால் முதிர்ந்த பார்மிஜானோவில் லாக்டோஸ் இல்லை.

போக்குவரத்தைத் திட்டமிடாமல் கிளம்ப வேண்டாம். மிலானுக்கும் போலோஞாவுக்கும் இடையிலான ரயில்பாதையில் பார்மா இருக்கிறது, அதுவரை எளிது. அங்கிருந்து கிராமத்துக்குப் பேருந்து அரிது, ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் அரிது. நான் டாக்சியில்தான் போனேன், அதற்கான செலவு நுழைவுக்கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. முதல் நாள் இரவே பார்மாவில் தங்கிவிடுவது உத்தமம். கூடத்தின் தரை எப்போதும் ஈரமாக இருக்கும், படிகளும் உண்டு. முதியவர்களோடு போவதானால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் மதிய உணவுக்குக் கீரையும் ரிக்கோத்தா என்ற மென்மையான சீஸும் அடைத்த தொர்தெல்லி தெர்பெத்தா என்ற பாஸ்தாவை உண்ணத் தவற வேண்டாம். அது வெண்ணெயில் மூழ்கிப் பார்மிஜானோவில் துவட்டப்பட வேண்டும் என்பது அவ்வூர்ப் பேச்சு. ஜூன் 23ஆம் நாள் இரவு, புனித யோவானின் திருநாளுக்கு முன்னிரவு, பார்மாக்காரர்கள் திறந்தவெளியில் பனி இறங்கும்வரை உட்கார்ந்து இதை உண்பார்கள். அந்த நாளோடு பயணம் பொருந்தினால் மாற்றி அமைத்தாவது போகலாம்.

கூடத்தின் கடையில் வாங்குவது நகரத்துக் கடைகளைவிட மலிவு. 24 மாதச் சீஸ் கிலோ ஏறத்தாழ 20 யூரோவுக்குக் கிடைத்தது. காற்றில்லாமல் உறையிட்டும் கொடுத்தார்கள். எல்லை கடந்து பால்பொருள் கொண்டுசெல்ல உங்கள் நாட்டு விதி இடம் தருகிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தோல் உள்ள துண்டாகக் கேட்டு வாங்குங்கள்: அதில்தான் மாதமும் ஆண்டும் கூடத்தின் எண்ணும் இருக்கின்றன, சீஸ் தீர்ந்த பிறகு அந்தத் தோலைச் சுரண்டிக் கழுவிச் சூப்பில் போட்டுக் கொதிக்கவிடலாம்.

பணம் கொடுக்கும்போது, அன்று காலை நான் பார்த்த மூன்றாவது கொப்பரையின் இரட்டையர் எப்போது விற்பனைக்கு வருவார்கள் என்று கேட்டேன். கடையிலிருந்த அம்மையார் சிரித்துக்கொண்டே மேசைக்கடியிலிருந்து ஒரு கோடிட்ட நோட்டை எடுத்தார். அதில் பல நாட்டு முகவரிகள் இருந்தன; எல்லாம் இதே கேள்வியைக் கேட்டவர்களுடையவை. அடுத்த ஆண்டு இதே மாதம் சுத்தியலின் முன் தேற வேண்டும், அதன்பின் இன்னும் ஓராண்டு இருக்க வேண்டும், தேறினால் எழுதுகிறோம் என்றார். என் பெயரையும் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.